பாட்டில் மூலிகை: அறிந்தால் விற்போம், அறியாவிட்டால் விலக்குவோம்



சுக்கு வந்தால் ஒடித்துப் பார்க்கிறோம். மிளகு வந்தால் ஒரு பிடி அள்ளித் தண்ணீரில் போட்டுப் பார்க்கிறோம். நிலாவரை மூட்டையில் இலை எவ்வளவு, குச்சி எவ்வளவு, மண் எவ்வளவு என்பதைக் கையால் அளைந்தே சொல்லிவிடுகிறோம். கல்லாவுக்குப் பக்கத்தில் உட்காரவைத்து நம் அப்பாவும் தாத்தாவும் கற்றுக் கொடுத்த வித்தை இது. இன்று அதே சுக்கும் மஞ்சளும் துளசியும் சொட்டு மருந்தாகவும் கேப்சூலாகவும் நம் கடைக்கு வருகின்றன. ஒடிக்க முடியாது, முகர முடியாது, சலிக்க முடியாது. மூட்டையைப் பார்த்து வாங்கத் தெரிந்த நாம், பாட்டிலைப் பார்த்து வாங்கத் தெரியாமலே விற்றுக்கொண்டிருக்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் என் கடையில் நடந்ததை மறைக்காமல் சொல்கிறேன். ஒரு விற்பனைப் பிரதிநிதி சிறுகுறிஞ்சான் சொட்டு மருந்து கொண்டுவந்தார். 30 மில்லி பாட்டில். "அண்ணாச்சி, சுகர்காரங்க தேடி வந்து வாங்குவாங்க. நூறு ரூபாய்க்கு நாற்பது ரூபாய் உங்களுக்கு நிக்கும்" என்றார். பில் கேட்டேன். அடுத்த நடையில் தருகிறேன் என்றார். நானும் வாங்கி அடுக்கிவிட்டேன்.

நம் வாடிக்கையாளரான ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் அதை வாங்கிப் போனார். டாக்டர் கொடுத்த சர்க்கரை மாத்திரையையும் நிறுத்தவில்லை, சொட்டையும் விடவில்லை. ஒரு நாள் காலையில் வியர்த்துக் கொட்டி மயங்கி விழுந்துவிட்டார். சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். நல்ல வேளையாகப் பிழைத்துக்கொண்டார். மறுநாள் அவர் மகன் பாட்டிலைக் கொண்டுவந்து கல்லா மேல் வைத்து, "அண்ணாச்சி, இதில் என்ன இருக்கு? எவ்வளவு இருக்கு?" என்று கேட்டார். இரண்டே கேள்விகள். என்னிடம் பதில் இல்லை. லேபிளில் உரிம எண் இல்லை. அளவும் இல்லை. பிரதிநிதி கொடுத்த தொலைபேசி எண்ணில் யாரும் எடுக்கவில்லை. மயக்கத்துக்குக் காரணம் சொட்டா, மாத்திரையா, இரண்டும் சேர்ந்ததா என்று உறுதியாகச் சொல்ல யாராலும் முடியவில்லை. ஆனால் பதில் இல்லாமல் நின்றவன் நான்தான்.

அந்த ஆசிரியர் இன்றும் என் கடையில்தான் பருப்பும் புளியும் வாங்குகிறார். மருந்துச் சரக்கை மட்டும் வேறு கடையில் வாங்குகிறார். அதன் பிறகு நான் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டவற்றையே இங்கே எழுதுகிறேன்.

டிங்சர் என்பது என்ன?

டிங்சர் என்ற சொல் நமக்குப் புதிதல்ல. காயத்துக்குப் போட்ட டிங்சர் அயோடினை அறியாத வீடு கிடையாது. நாம் விற்கும் சாம்பிராணியை ஆல்கஹாலில் கரைத்ததே ஆஸ்பத்திரியில் புழங்கும் டிங்சர் பென்சாயின். ஒரு பொருளின் சத்தை ஆல்கஹாலில் இறக்கிவைத்தால் அது டிங்சர்.

செய்முறை எளிது. உலர்ந்த மூலிகையை ஒன்றிரண்டாக இடித்து, ஆல்கஹாலும் தண்ணீரும் கலந்த திரவத்தில் ஊறவைப்பார்கள். ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வரை தினமும் குலுக்கி, பிறகு பிழிந்து வடிகட்டுவார்கள். தண்ணீரில் கரையும் சத்துக்கு ஆல்கஹால் குறைவாக இருந்தால் போதும். பிசின் போன்ற பொருளுக்கு 90 சதவீதம் வரை வேண்டும்.

நம் வீட்டுக் கஷாயத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். கஷாயம் தண்ணீரில் காய்ச்சியது. காலையில் வைத்தது இரவுக்குள் கெட்டுவிடும். அதனால்தான் நிலவேம்புக் குடிநீரை அன்றன்று காய்ச்சிக் குடிக்கச் சொல்கிறார்கள். டிங்சரில் ஆல்கஹால் இருப்பதால் அது ஆண்டுக்கணக்கில் கெடாது. அரிஷ்டம் மூன்றாவது வகை. அதில் ஆல்கஹாலை வெளியிலிருந்து ஊற்றுவதில்லை. வெல்லம் சேர்த்துப் புளிக்கவைக்கும்போது தானே உண்டாகிறது. இவை தவிர, திரவத்தை வற்றவைத்துத் தூளாக்கியதே எக்ஸ்ட்ராக்ட் எனப்படும் உலர்சத்து. கேப்சூலுக்குள் இருப்பது பெரும்பாலும் இதுதான். நாலும் ஒரே மூலிகையிலிருந்து வரலாம். ஆனால் நாலும் ஒரே சரக்கல்ல.

ஒன்றுக்கு ஐந்தா, ஐந்துக்கு ஒன்றா?

நிறுவையும் அளவையும் நம் தொழில். ஆகவே இந்தக் கணக்கு நமக்கு எளிதில் விளங்கும். டிங்சர் லேபிளில் 1:5 என்று போட்டிருந்தால், ஒரு கிராம் மூலிகைக்கு ஐந்து மில்லி திரவம் என்று பொருள். அதாவது ஒரு மில்லியில் கால் கிராம் மூலிகையின் சத்துகூட இல்லை. உலர்சத்தின் லேபிளில் 5:1 என்று இருந்தால், ஐந்து கிராம் மூலிகையிலிருந்து ஒரு கிராம் எடுத்தது என்று பொருள். எண்கள் அதே எண்கள்தான். இடம் மாறியதால் வேறுபாடு 25 மடங்கு!

இதை வைத்து விலையையும் பாருங்கள். 1:5 விகிதத்தில் செய்த 30 மில்லித் துளசி டிங்சரில் அடங்கியிருப்பது 6 கிராம் உலர்ந்த துளசியின் சத்து. அந்தப் பாட்டில் 200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆறு கிராம் துளசி நம் கடையில் என்ன விலை என்பது உங்களுக்குத் தெரியும். ஆல்கஹாலுக்கும் பாட்டிலுக்கும் செய்கூலிக்கும் செலவு உண்டு, மறுக்கவில்லை. நீண்ட நாள் கெடாது, எடுத்துச் செல்ல வசதி என்ற பயனும் உண்டு. ஆனால் "பத்துச் சொட்டு ஒரு கட்டு மூலிகைக்குச் சமம்" என்று பிரதிநிதி சொன்னால், கணக்குப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

ஆக, ஒரு பக்கம் ஒன்றுமில்லாததை அதிக விலைக்கு விற்கும் அபாயம். மறுபக்கம் அளவு தெரியாமல் கடுமையானதை விற்கும் அபாயம். லேபிளில் விகிதமும் அளவும் இல்லாத பாட்டில் இந்த இரண்டில் எந்தப் பக்கம் என்று நமக்கே தெரியாது.

'இயற்கைதானே' என்ற பேச்சு

"மூலிகைதானே, என்ன செய்துவிடப் போகிறது?" என்று வாடிக்கையாளரும் சொல்கிறார், நாமும் சொல்கிறோம். மூலிகையாக இருக்கும்வரை அது பெரும்பாலும் சரி. செறிவாக்கிய பிறகு அது வேறு பேச்சு.

மஞ்சளையே எடுத்துக்கொள்வோம். நல்ல மஞ்சளில் குர்குமின் என்ற சத்து நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து பங்கு வரைதான். கேப்சூலில் வரும் மஞ்சள் சத்தில் 95 பங்கு வரை இருக்கும். 500 மில்லிகிராம் கேப்சூல் ஒன்றில் உள்ள குர்குமினை, மூன்று சதவீத மஞ்சள் தூளிலிருந்து பெற வேண்டுமானால் ஏறக்குறைய 16 கிராம் தூள் சாப்பிட வேண்டும். எந்த வீட்டில் ஒருவர் ஒரு நாளில் அவ்வளவு மஞ்சள் சாப்பிடுகிறார்? போதாததற்கு மிளகின் சத்தான பைப்பரினையும் சேர்க்கிறார்கள். அது குர்குமின் உடம்பில் சேர்வதை 20 மடங்கு கூட்டியதாக 1998-இல் வெளியான பெங்களூர் ஆய்வு ஒன்று காட்டியது. 2019-இல் இத்தாலியில் இப்படிப்பட்ட மஞ்சள் சத்து சாப்பிட்டவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோருக்குக் கல்லீரல் அழற்சி வந்து, அரசே எச்சரிக்கை விடுத்தது. குழம்பில் போட்ட மஞ்சளால் யாருக்கும் கல்லீரல் கெட்டதாக நாம் கேள்விப்பட்டதில்லை.

நிலாவரை நம் திருநெல்வேலிச் சீமையின் பெயரையே உலகச் சந்தையில் சுமந்த சரக்கு. தூத்துக்குடித் துறைமுகம் வழியாக ஏற்றுமதியாகிறது. அதன் இலையில் பேதியாக்கும் சத்து நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு. ஏற்றுமதிக்காகப் பிரித்தெடுக்கும் சத்தில் இருபது பங்கும் உண்டு, அறுபது பங்கும் உண்டு. இலைக்குச் சொன்ன அளவைச் சத்துக்குச் சொன்னால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

அதிமதுரச் சத்தை நாள்கணக்கில் சாப்பிட்டால் இரத்த அழுத்தம் ஏறும். பூண்டு, இஞ்சி, மஞ்சள் ஆகியவற்றின் சத்துகளை, இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. அமுக்கராவில் கிழங்குதான் மருந்துச் சரக்கு. இலையைச் சேர்த்து உற்பத்தி செய்ய வேண்டாம் என்று ஆயுஷ் அமைச்சகம் 2021-இல் அறிவுறுத்தியது. கிழங்கா இலையா என்று மூட்டையைப் பார்த்தால் தெரியும். கேப்சூலைப் பார்த்தால் தெரியுமா?

நீலகிரித் தைலமும் கிராம்பு எண்ணெயும்கூடச் செறிவுச் சத்துகளே. ஒரு தேக்கரண்டி நீலகிரித் தைலம் வயிற்றுக்குள் போனாலே சிறு குழந்தைக்கு வலிப்பு வந்து உயிருக்கு ஆபத்தாகலாம். அதை இருமல் மருந்துப் பாட்டில்களோடு சேர்த்து அடுக்காதீர்கள்.

சுக்கு டிங்சர் சொல்லும் பாடம்

மூலிகை மட்டுமல்ல, அதைக் கரைத்த திரவமும் முக்கியம். இதற்கு உலகம் அறிந்த சான்று நம் கடைச் சரக்கான சுக்கிலேயே இருக்கிறது.

அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு. அப்போது ஜமைக்கா ஜிஞ்சர் என்ற இஞ்சி டிங்சர் வயிற்று மருந்தாக மருந்துக் கடைகளிலும் ஊர்க் கடைகளிலும் விற்றது. அதில் பெரும்பகுதி ஆல்கஹால் என்பதால் போதைக்காகவும் வாங்கிக் குடித்தார்கள். குடிக்க முடியாத அளவுக்கு இஞ்சிச் சத்து கட்டியாக இருக்க வேண்டும் என்று அரசு விதித்தது. சோதிக்கும் அதிகாரிகள் திரவத்தை வற்றவைத்து மிஞ்சியதை நிறுத்துப் பார்ப்பார்கள். உற்பத்தியாளர்கள் இஞ்சியைக் குறைத்துவிட்டு, நிறுவையில் பிடிபடாமலிருக்க வேறு பொருள்களைக் கலந்தார்கள். 1930-இல் ஒரு கலப்படக் கும்பல் இதற்காகத் தொழிற்சாலை ரசாயனம் ஒன்றைச் சேர்த்தது. பல்லாயிரக்கணக்கானோருக்குக் கால்கள் செயலிழந்தன. விற்ற கடைக்காரர்களுக்கு அதில் என்ன கலந்திருந்தது என்றே தெரியாது.

நம் ஊரிலும் மதுவிலக்குக் காலத்தில் "டிங்சர் ஜிஞ்சர்" எதற்காக வாங்கப்பட்டது என்பது மூத்த வியாபாரிகளுக்கு நினைவிருக்கும். நல்ல ஆல்கஹாலுக்குப் பதில் மெத்தனால் கலந்தால் என்ன நடக்கும் என்பதை 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் பார்த்தோம். ஆல்கஹால் இல்லை, கிளிசரினில் எடுத்தது என்று சொல்லும் பாட்டிலுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். 2025-இல் மத்தியப் பிரதேசத்தில் இருமல் மருந்து குடித்த குழந்தைகள் இறந்தபோது, அதில் இருந்தது டை எத்திலீன் கிளைகால் என்ற நச்சுத் திரவம். அது மூலிகை மருந்தல்ல. ஆனால் பாடம் ஒன்றே: பாட்டிலில் உள்ள திரவம் என்னவென்று அறிய நமக்கு மூக்கும் நாக்கும் போதாது.

சக்கையும் நம் கடைக்கே வருகிறது

சத்து எடுக்கும் தொழிலின் இன்னொரு முனையையும் சொல்ல வேண்டும். கிராம்பிலிருந்து எண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சும் சக்கையை உலர்த்தி, நல்ல கிராம்போடு கலந்து விற்பவர்கள் இருக்கிறார்கள். சத்து பாட்டிலில் போகிறது, சக்கை நம் மூட்டையில் வருகிறது. ஒரு குவளைத் தண்ணீரில் பத்துக் கிராம்பைப் போடுங்கள். நல்லது அடியில் இறங்கும். எண்ணெய் எடுத்தது மிதக்கும். நகத்தால் கீறினால் நல்ல கிராம்பில் எண்ணெய் கசியும். மொத்த வியாபாரிகள் இந்தச் சோதனையை மூட்டை பிரிக்கும் இடத்திலேயே செய்தால் சில்லறைக் கடைக்காரன் பெயர் கெடாது. நன்னாரி என்ற பெயரில் மாகாளிக் கிழங்கு வருவதையும் இதே கவனத்தோடு பார்க்க வேண்டும். மாகாளி ஊறுகாய்க்கு நல்ல சரக்குதான். அதை அதன் பெயரிலேயே விற்கலாமே!

சட்டம் என்ன சொல்கிறது?

"கேட்கிறார்கள், கொடுக்கிறோம். நாம் என்ன டாக்டரா?" என்று சில நண்பர்கள் கேட்பார்கள். டாக்டர் இல்லை என்பதால்தான் எச்சரிக்கை வேண்டும் என்கிறேன்.

சித்த, ஆயுர்வேத மருந்துகளை விற்க நமக்குத் தனி விற்பனை உரிமம் தேவையில்லை. ஆனால் அவற்றைச் செய்தவருக்கு உற்பத்தி உரிமம் இருக்க வேண்டும். அந்த எண் லேபிளில் இருக்க வேண்டும். சித்த மருந்து அல்லது ஆயுர்வேத மருந்து என்று அச்சிட்டிருக்க வேண்டும். உரிமமின்றிச் செய்ததை வாங்கி வைப்பதும் விற்பதும் குற்றம். ஹோமியோபதி மதர் டிங்சருக்கு விற்பனை உரிமமே வேண்டும். மளிகைக் கடை அலமாரியில் அதற்கு இடமில்லை. கேப்சூலோ தூளோ உணவுத் துணைப்பொருளாக வந்தால், 14 இலக்க உணவு உரிம எண்ணும், மருந்தாகப் பயன்படுத்துவதற்கல்ல என்ற வாசகமும் இருக்க வேண்டும். அந்த வாசகம் உள்ள டப்பாவை "சுகருக்கு நல்லது" என்று நாமே சொல்லி விற்றால் தவறு நம்முடையது.

1954-ஆம் ஆண்டு மருந்து மற்றும் மாய மருத்துவ விளம்பரச் சட்டம், நீரிழிவு, புற்றுநோய் உட்படப் பட்டியலிட்ட நோய்களைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. லேபிளும் நோட்டீசும் மட்டுமல்ல, வாயால் அறிவிப்பதும் அதில் அடங்கும். கடைவாசலில் தொங்கும் அட்டைக்கும் பொறுப்பு உண்டு.

பில் பற்றி ஒரு வார்த்தை. 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு, தேதி கடந்ததை விற்றாலும், யாரிடம் வாங்கினோம் என்று காட்ட முடியாத சரக்கை விற்றாலும் விற்றவரையே பொறுப்பாக்குகிறது. சிறு கடைக்காரனைத்தான் பிடிக்கிறார்கள், செய்தவனை விட்டுவிடுகிறார்கள் என்று நாம் குறைப்படுகிறோம். அந்தக் குறையில் நியாயம் உண்டு. ஆனால் செய்தவனைக் காட்டும் ஒரே சாட்சி பில். அதை வாங்காமல் விடுவது நாமே.

நாம் செய்ய வேண்டியது

என் யோசனைகள் இவை. உரிம எண், தொகுதி எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி, மூலிகையின் பாகம், அளவு, ஆல்கஹால் சதவீதம் ஆகியவை லேபிளில் இல்லாத பாட்டிலை எவ்வளவு கமிஷன் கொடுத்தாலும் திருப்பி அனுப்புவோம். பில்லில் தொகுதி எண் எழுதி வாங்குவோம். பெரிய கேனிலிருந்து சிறு பாட்டிலில் ஊற்றி விற்க வேண்டாம். சொந்தமாக ஸ்பிரிட் வாங்கி டிங்சர் போட்டு விற்கும் ஆசையும் வேண்டாம். மருந்துச் சட்டமும் மதுவிலக்குச் சட்டமும் ஒருசேர வந்து நிற்கும். விற்கும் டிங்சரை வெயிலிலும் விளக்கருகிலும் வைக்காதீர்கள். அது பற்றக் கூடியது.

விற்கும்போது மூன்று கேள்விகள் கேட்போம். யாருக்கு? வேறு மாத்திரை சாப்பிடுகிறாரா? ஆல்கஹால் சேர்ந்தது என்று தெரியுமா? குழந்தைக்கு, கர்ப்பிணிக்கு, சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவருக்கு என்றால், "டாக்டரையோ சித்த வைத்தியரையோ கேட்டு வந்து வாங்குங்கள், பாட்டில் எங்கும் போகாது" என்று சொல்வோம். மதக் காரணத்தாலோ, குடியை விட்டதாலோ ஆல்கஹாலைத் தொடாதவர்கள் உண்டு. குடியை நிறுத்த மாத்திரை சாப்பிடுபவருக்குச் சிறிது ஆல்கஹால்கூடக் கடும் தொல்லை தரும். அவர்களிடம் சொல்லாமல் விற்பது நேர்மையல்ல.

நம் சங்கமும் ஒன்று செய்யலாம். ஒரு சித்த மருத்துவரையும் உணவுப் பாதுகாப்பு அலுவலரையும் அழைத்து, ஒரு மாலைப் பொழுது உறுப்பினர்களுக்கு லேபிள் படிக்கக் கற்றுக் கொடுக்கலாம். உறுப்பினர்கள் தங்கள் கடையில் உள்ள பாட்டில்களையே எடுத்து வந்தால் பாடம் நன்றாக மனதில் பதியும். லேபிளில் விகிதத்தையும் எச்சரிக்கையையும் தமிழில் அச்சிட வேண்டும் என்று அரசுக்கு ஒரு தீர்மானமும் அனுப்பலாம்.

பாட்டில் மூலிகையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முறையாகச் செய்தது, முறையாக எழுதியது, முறையாக வாங்கியது என்றால் தாராளமாக விற்கலாம். அதே நேரத்தில் நம் பலம் எது என்பதை மறக்க வேண்டாம். பெரிய கடைகளும் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து தரும் நிறுவனங்களும் பாட்டிலை நம்மைவிட மலிவாக விற்றுவிடுவார்கள். ஆனால் நல்ல சுக்கையும் சக்கைச் சுக்கையும் பிரித்தறிந்து, "இதை இப்படி இடித்து இவ்வளவு போடுங்கள்" என்று சொல்லி மடித்துக் கொடுக்கும் கை அவர்களிடம் இல்லை. அந்தக் கையை நம்பித்தான் ஜனங்கள் நம் கடைக்கு வருகிறார்கள்.

"இதில் என்ன இருக்கு, எவ்வளவு இருக்கு?" நாளை உங்கள் கல்லா மேலும் ஒரு பாட்டிலை வைத்து யாராவது இப்படிக் கேட்கலாம். பதில் சொல்ல முடிந்த சரக்கை மட்டும் அலமாரியில் வைப்போம்.